தமிழில் பிழையில்லை, ஆனாலும் கவுன்ட்டரில் முகச்சுளிப்பு

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் மேலாளராக இருக்கிறேன். எங்கள் வேளாண் கடன் அலுவலர் ஜார்க்கண்ட்காரர், தாய்மொழி இந்தி. வந்து ஒரு வருடத்துக்குள் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுவிட்டார். பேச்சில் இலக்கணப் பிழை அபூர்வம். ஆனாலும் 'அந்தப் பையன் திமிரா பேசுறான்' என்று யாராவது வந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். கணவரை இழந்து காப்பீட்டுத் தொகை கேட்டு வந்த பெண்ணிடம் 'எப்ப செத்தாரு?' என்று கேட்டுவிட்டார். அறுபது வயதைத் தாண்டிய விவசாயத் தொழிலாளியை 'நீ போய் நாளைக்கு வா' என்று அனுப்பியிருக்கிறார். இன்னொரு பக்கம், தவணையைப் பற்றிக் கேட்டால் 'பார்க்கலாம் சார்' என்பவர்களை எல்லாம் 'கட்டச் சம்மதம்' என்று குறித்துவைத்துவிட்டு, ஏமாற்றுகிறார்கள் என்று வருந்துகிறார். மனிதர் நல்லவர், உழைப்பாளி. நாளாக நாளாகத் தானே சரியாகிவிடுமா, நாங்கள் ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்: தானாகச் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம். ஊரில் இருக்க இருக்க உச்சரிப்பு படியும், சொற்கள் சேரும். யாரிடம், எந்த இடத்தில், எதை எவ்வளவு அழுத்திச் சொல்வது என்கிற திறன் அப்படி வந்து ஒட்டிக்கொள்வதில்லை. ஒட்டினாலும் பல வருடம் பிடிக்கும். ஒருவர் "நான் நேத்து வந்தாரு" என்று சொன்னால் பக்கத்தில் இருப்பவர் சிரித்துக்கொண்டே திருத்திவிடுவார். "நீ போய் நாளைக்கு வா" என்பதை யாரும் திருத்த மாட்டார்கள். கேட்பவர் அதை மொழிப் பிழையாகவே எடுத்துக்கொள்வதில்லை, ஆளின் குணம் என்று எடுத்துக்கொள்கிறார். திருத்த ஆளில்லாத பிழை பழக்கமாகி இறுகிவிடும்.

உங்கள் அலுவலர் தட்டுத்தடுமாறிப் பேசியிருந்தால் இந்தப் புகார்களில் பல வந்தே இருக்காது. பாஷை தெரியாத பிள்ளை என்று விட்டிருப்பார்கள். இலக்கணம் சுத்தமாக இருப்பதால்தான், சொன்னதெல்லாம் தெரிந்தே சொன்னது என்று நினைக்கிறார்கள். பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜென்னி தாமஸ் 1983-இல் எழுதிய கட்டுரையில் இதைச் சுட்டிக்காட்டினார். இடமறிந்து பேசும் இந்தத் திறனை மொழியியலில் பயன்வழியியல் திறன் என்பார்கள். அதில் நேரும் தவறுகளை அவர் இரண்டாகப் பிரித்தார். சொல்ல நினைத்தது சரி, அதற்கு எடுத்த சொல்லோ வினைவடிவமோ பொருந்தவில்லை என்பது ஒரு வகை. எதிரில் இருப்பவர் யார், அவருக்கும் நமக்கும் இடைவெளி எவ்வளவு, கேட்கப்போவது பெரிய காரியமா சின்னதா என்ற கணக்கே பிசகுவது இன்னொரு வகை. முதல் வகைக்கு ஒரு மாற்று வாக்கியம் கொடுத்தால் போதும். இரண்டாம் வகைக்கு ஊரைப் பற்றி உட்கார்ந்து பேச வேண்டும், அதில் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் கொஞ்சம் சங்கடம் இருக்கத்தான் செய்யும். இரண்டையும் ஒன்றாகப் போட்டு "கொஞ்சம் மரியாதையா பேசுங்க" என்று சொன்னீர்களானால் அவருக்கு எதுவுமே புரியாது. தான் மரியாதையாகத்தான் பேசுவதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"எப்ப செத்தாரு?" முதல் வகை. இந்தியிலும் சாவை அப்படி மொட்டையாகச் சொல்ல மாட்டார்கள், "குஜர் கயே" என்பார்கள். அந்த நாசூக்கு அவருக்குப் புதிதில்லை. தமிழில் அதற்கான சொல்தான் அவருக்கு வந்து சேரவில்லை. இம்மாதிரி இடங்களில் அவரிடம் முதலில் கேட்க வேண்டியது: "உங்க ஊர்ல இதே இடத்துல எப்படிச் சொல்வீங்க?" பாதி வழியை அந்தக் கேள்வியே திறந்துவிடும். அவர் ஊரில் பெரியவர்களை 'சாச்சா' என்றும் கொஞ்சம் மூத்தவரை 'பையா' என்றும் அழைத்துப் பழகியவர்தான். இங்கே வந்து வெறும் 'நீங்க' போட்டு நிறுத்திவிடுகிறார் என்றால், பாடப்புத்தகம் அவருக்குப் பிரதிப் பெயரையும் வினைமுற்றையும் கற்றுக்கொடுத்துவிட்டு, கூப்பிடும் முறையைக் கற்றுக்கொடுக்கவில்லை என்று அர்த்தம். கற்பவர்கள் தாய்மொழியில் ஏற்கெனவே உள்ள திறமையைப் புதிய மொழிக்குத் தாமாக எடுத்துவருவதில்லை. எடுத்து வரலாம் என்று யாராவது சொல்ல வேண்டும்.

காப்பீட்டு விஷயத்தில் சொல்லை மட்டும் மாற்றினால் போதாது, வரிசையையும் மாற்ற வேண்டும். உட்காரச் சொல்ல வேண்டும். "கேள்விப்பட்டோம்மா" என்று சொல்லிச் சற்று நிறுத்த வேண்டும், அந்த அம்மா ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். பிறகு "அவரு தவறினது என்னைக்கும்மா?" கடைசியில்தான் இறப்புச் சான்றிதழும் நாமினியின் ஆதாரும். பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டம் என்றால் 2 லட்ச ரூபாய் வரும். அந்தத் தொகையை நல்ல செய்தி சொல்கிற குரலில் முதலிலேயே சொல்லிவிடக் கூடாது. உதவுகிற அவசரத்தில் இந்தத் தவறு நிறையப் பேருக்கு நேரும், தமிழர்களுக்கும்தான்.

"நீ" விவகாரம் இவ்வளவு எளிதில்லை. இந்தியில் தூ, தும், ஆப் என்று மூன்று படி. நடுவில் உள்ள 'தும்' ஒரு சௌகரியமான படி, அவமதிப்பும் இல்லை, பெரிய மரியாதையும் இல்லை. தமிழில் அந்த நடுப்படி கிடையாது. 'தும்' வர வேண்டிய இடத்தில் அவர் 'நீ' போட்டிருக்கலாம். இதுவரை முதல் வகைத் தவறுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நிலம் வைத்திருப்பவர்களிடமும் அவர் 'நீ' சொல்கிறாரா? தொழிலாளிகளிடம் மட்டும்தான் என்றால், அதை அவர் இந்தியிலிருந்து கொண்டுவரவில்லை, நம் ஊரில் கேட்டுக் கற்றிருக்கிறார். நரைத்த கூலியாளை நிலக்காரர் வீட்டுச் சிறுவன் பெயர் சொல்லி அழைத்த ஊர்கள் இவை. 1952-இல் தஞ்சை மாவட்டத்துக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பேச்சை எந்தச் சட்டமும் அவ்வளவு வேகமாக மாற்றிவிடாது. வெளியூரிலிருந்து வந்தவர், நிலக்காரர் தன் ஆளிடம் பேசுவதைக் கேட்டு, இதுதான் இயல்பான தஞ்சாவூர்த் தமிழ் என்று எடுத்துக்கொள்கிறார். "கேட்டுக் கேட்டுப் பழகிக்கோங்க" என்ற அறிவுரை இந்த இடத்தில் நேர் எதிராக வேலை செய்யும்.

அவருக்குக் கொடுக்க வேண்டிய விதி ஒன்றே: பள்ளிச் சீருடையில் வரும் பிள்ளைகளைத் தவிர எல்லோரும் 'நீங்க'. "என்னப் போயி நீங்கன்னு சொல்றீங்களே சார்" என்று எதிரில் இருப்பவரே கூச்சப்பட்டாலும் 'நீங்க'தான். உங்கள் கிளையில் வேறு யாராவது கடைநிலை ஊழியரையோ தொழிலாளிகளையோ 'நீ' போட்டுப் பேசினால் அதை முதலில் நிறுத்துங்கள். கற்பவர் வகுப்பில் படித்ததைவிடப் பக்கத்து நாற்காலியைத்தான் நம்புவார்.

கூப்பிடும் சொல்லுக்கு: ஆண்களுக்கு 'ஐயா' அல்லது 'சார்', பெண்களுக்கு 'அம்மா'. 'அம்மா' வயதைச் சுட்டுவதில்லை, 'பாட்டி' சுட்டும். ஐம்பத்தைந்து வயதுக்காரரை 'பாட்டி' என்று கூப்பிட்டுவிட்டு எப்படிச் சமாளிப்பது? 'அண்ணே', 'அக்கா' எல்லாம் அவர்கள் இவரை 'தம்பி' என்று கூப்பிடத் தொடங்கிய பிறகு. 'ஐயா' சொல்ல அவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். 'சார்' எந்தப் பக்கமும் சாயாத சொல், அது போதும். இரண்டாம் மொழியில் தான் எப்படிப்பட்ட மனிதராகத் தெரிய வேண்டும் என்பதைக் கற்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவு எதிரில் இருப்பவர் காதில் எப்படி விழும் என்று தெரிந்து எடுத்ததாக இருக்கட்டும்.

கணக்குப் பிசகும் இடங்கள் இன்னும் மூன்றை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஊர்ப் பெயர் கேட்ட கையோடு "எந்தத் தெரு?" என்று கேட்பது. விண்ணப்பத்தில் முகவரிக் கட்டம் இருக்கிறது என்றுதான் கேட்கிறார், ஆனால் இங்கே அது சாதி கேட்கும் கேள்வி. "ஆதார்ல இருக்கிற முகவரி இதுதானே, சரி பார்த்துக்கலாமா?" என்று தாளைக் காட்டிக் கேட்டால் பிரச்சினை இல்லை. இரண்டாவது, பயிர் பார்க்கப் போன இடத்தில் கொடுக்கும் தண்ணீரையோ காப்பியையோ "வேண்டாம்" என்று மறுப்பது. சர்க்கரை சேர்க்காதவராக இருக்கலாம், வயிறு சரியில்லாமல் இருக்கலாம். ஒதுக்கப்பட்ட தெருவில் இருக்கும் குடும்பத்துக்கு அந்த 'வேண்டாம்' வேறு மாதிரிதான் கேட்கும். "காப்பி இப்பத்தான் குடிச்சேன்மா, தண்ணி குடுங்க" என்று வாங்கிக் குடிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது, கிளம்பும்போது "சரி, போறேன்" என்பது. இந்தியில் "சல்தா ஹூம்" என்று சொல்வதை அப்படியே கொண்டுவருகிறார். இங்கே அது கோபித்துக்கொண்டு போவதாகத் தெரியும். "வரேங்கய்யா" போதும்.

இனி வேண்டுகோள்கள். அவர் நாள் முழுதும் செய்கிற வேலை இதுதான்: கையெழுத்துக் கேட்பது, சிட்டா, அடங்கல் என்கிற நில ஆவணங்களைக் கேட்பது, பொறுத்திருக்கச் சொல்வது, கட்டச் சொல்வது. கேட்பவர் யார், கேட்கப்படுபவர் யார் என்பதைப் பொறுத்து வினையே மாறும் என்பது தமிழுக்குப் பழைய சங்கதி. ஈ, தா, கொடு மூன்றையும் தாழ்ந்தவர், ஒத்தவர், உயர்ந்தவர் வாயிலிருந்து வரும் சொற்கள் என்று தொல்காப்பியம் பிரித்து வைத்திருக்கிறது. இன்றைய பேச்சில் அந்த வேலையைச் சின்னச் சின்ன ஒட்டுகள் செய்கின்றன. பாடப்புத்தகம் இவற்றைக் கண்டுகொள்வதே இல்லை, 'தயவுசெய்து' ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிடுகிறது. நேர்ப்பேச்சில் 'தயவுசெய்து' அறிவிப்புப் பலகை மாதிரி ஒலிக்கும், இல்லாவிட்டால் பொறுமை இழந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வதுபோல ஒலிக்கும். அதை அவர் பேச்சிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஒரே கையெழுத்தை எப்படியெல்லாம் கேட்கலாம் என்று பாருங்கள். "கையெழுத்து போடுங்க." "இங்க ஒரு கையெழுத்து போடுங்கய்யா." "இந்த இடத்துல கொஞ்சம் கையெழுத்து போட்டுடுங்களேன்." "இதுல இன்னொரு கையெழுத்து வாங்க வேண்டியிருக்கு." முதலாவதில் இலக்கணமும் சரி, 'ங்க'வும் இருக்கிறது. ஆனாலும் கட்டளைதான். இரண்டாவதில் 'ஒரு' என்பதும் 'ஐயா'வும் கனத்தைக் குறைக்கின்றன. மூன்றாவதில் 'கொஞ்சம்' அளவைச் சொல்ல வரவில்லை, 'போட்டுடுங்களேன்' முடிவில் வரும் 'ஏன்' காரணம் கேட்கும் கேள்வியும் இல்லை, இரண்டும் மறுக்க இடம் விடுகின்றன. நான்காவதில் 'போடுங்க' என்ற ஏவலே இல்லை, வேலை வங்கியின் தலையில் போய்விட்டது. இதற்கெல்லாம் மேலே இன்னொன்று: காரணம் முன்னால் வர வேண்டும். "நேத்து போட்டது பழைய கையெழுத்தோட ஒத்து வரலைங்கய்யா, அதனால இதுல இன்னொரு தடவ வாங்கணும்." காரணத்தைப் பின்னால் வைத்தால் சாக்குச் சொல்வதுபோல இருக்கும், சொல்லாமலே விட்டால் அதிகாரம்.

இந்த ஒட்டுகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யவிடாதீர்கள். ஒன்றே இடத்துக்கு இடம் வேறு வேலை செய்யும். "போட்டுடுங்க" சின்ன வேலையில் இலேசாக இருக்கும். "பணத்தக் கட்டிடுங்க" என்று பாக்கியில் வந்தால் கழுத்தைப் பிடிக்கும். "வேணுமே" என்பதில் உள்ள 'ஏ' குழையும், "அன்னைக்கே சொன்னேனே" என்பதில் உள்ள 'ஏ' குத்திக்காட்டும். தவணைக்கு "கட்டணுங்கய்யா" நல்லது, அதில் விதி பேசுகிறது, ஆள் பேசவில்லை.

இந்திக்காரர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. அவர்களுக்கு 'ஹம்' ஒன்றுதான். தமிழில் 'நாம' என்றால் எதிரில் இருப்பவரும் சேர்த்தி, 'நாங்க' என்றால் அவர் வெளியே. "எங்க பேங்க்ல இந்த ரூல் இல்ல" என்று சொன்னால் விவசாயி கவுன்ட்டருக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுகிறார். "நம்ம பேங்க்ல இதுக்கு இப்ப வழி இல்லைங்கய்யா" என்றால் சேதி அதேதான், ஆள் உள்ளே வந்துவிடுகிறார். இதை ஒரு வாரம் மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். சுலபமாகத் திருந்தும் இடம், பலனும் உடனே தெரியும்.

'பார்க்கலாம் சார்' கதைக்கு வருகிறேன். அவரை யாரும் ஏமாற்றவில்லை. இல்லை என்று நேராகச் சொல்வது மரியாதைக் குறைவு என்பதால் 'இல்லை'யை வேறு வடிவத்தில் சொல்லியிருக்கிறார்கள். "பார்க்கலாம்", "வீட்ல கேட்டுச் சொல்றேன்", "அறுப்பு முடியட்டும் சார்", "சரி… சரி…" எல்லாம் அந்த இனம். சொல்லைவிட அதற்கு முந்தைய இடைவெளி முக்கியம். சம்மதம் உடனே வரும், கூடவே ஒரு நாளோ தொகையோ வரும்: "வெள்ளிக்கெழம சந்த முடிஞ்சு பத்தாயிரம் கட்டிடுறேன்." மறுப்பு ஒரு கணம் தாமதித்து, 'ம்ம்' என்று இழுத்து, காரணத்தோடு வரும், தேதி இருக்காது. அவர் பதிவேட்டில் 'சம்மதம்' என்று எழுத ஒரு நிபந்தனை வையுங்கள்: தேதியும் தொகையும் அவர்கள் வாயிலிருந்து வந்திருக்க வேண்டும். வராவிட்டால் "எந்த மாசம்னு வச்சுக்கலாங்கய்யா?" என்று ஒருமுறை கேட்கலாம். அதற்கும் மழுப்பல் என்றால் அது இல்லைதான். உட்பொருளைப் பிடிக்கும் திறன் பல வருடம் ஊரில் இருந்தும் சிலவற்றில் வராது, வகுப்பில் விளக்கிச் சொன்னால் சில வாரங்களில் வரும் என்பதை அமெரிக்காவில் லாரன்ஸ் பௌட்டன் வெளிநாட்டு மாணவர்களிடம் நடத்திய ஆய்வுகள் காட்டின. சொல்லிக் கொடுக்கக்கூடிய விஷயம்தான் இது.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். இவர் சாதாரணமாகக் கேட்பது அங்கே வேறாகப் போய்ச் சேரும். ஜூன் 12-ஐ ஒட்டி "மேட்டூர் தொறந்தாச்சே, இங்க தண்ணி வந்துடுச்சா?" என்று கேட்டால் நல்ல பேச்சுத் தொடக்கம். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரப் பல நாள் ஆகும், அதைப் பற்றிப் பேச எல்லோருக்கும் ஏதாவது இருக்கும். "நடவு முடிஞ்சுதா?"வும் அப்படியே. ஆனால் சம்பா அறுத்த பிறகு, ஜனவரி பிப்ரவரியில் "கொள்முதல் நிலையத்துல நெல்லு போட்டாச்சா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் விசாரிப்பு. கடன் அலுவலர் கேட்டால் "பணம் வந்திருக்குமே, எப்ப கட்டுவ?" என்றுதான் அர்த்தம். வாக்கியம் ஒன்றுதான், கேட்கிற ஆளின் நாற்காலி அதை மாற்றிவிடுகிறது. மழையில் கதிர் சாய்ந்த வாரத்தில் பாக்கியைப் பற்றிப் பேசியே ஆக வேண்டுமென்றால் முதலில் பயிரைப் பற்றி விசாரித்து, பதிலை முழுதாகக் கேட்டுவிட்டு, பிறகு பேச வேண்டும்.

இந்தத் திறன் வளரும் வரிசை ஓரளவு தெரிந்ததுதான். வேண்டுகோள்களைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து மொழியியலாளர்கள் கேப்ரியல் காஸ்பரும் கென்னத் ரோஸும் 2002-இல் ஐந்து படிகளாக அதைச் சொன்னார்கள். முதலில் சூழலை நம்பி ஒற்றைச் சொல். பிறகு பாடமாக்கிய தொடர்கள். மூன்றாவது, தொடர்களைப் பிரித்துச் சொந்தமாகக் கட்டுவது. நான்காவது, மென்மையாக்கும் கருவிகள் சேர்வது. ஐந்தாவது, ஆளுக்கும் இடத்துக்கும் ஏற்ப நுணுக்கமாகக் கூட்டிக் குறைப்பது. உங்கள் அலுவலர் மூன்றில் நிற்கிறார். இலக்கணம் இந்த இடம்வரை கொண்டுவந்து விட்டுவிடும். இதற்கு மேல் போவது கவனிப்பாலும் பயிற்சியாலும்தான்.

அவரிடம் இன்னொன்றும் தெரியும், பாருங்கள். மத்தியானம் டீ குடிக்கும்போது கேட்டால் சரியாகச் சொல்வார், காலை 11 மணிக்கு வரிசை வாசல்வரை நிற்கும்போது பழையபடி "போடுங்க, அடுத்தவர் வாங்க" என்பார். தெரிந்திருப்பது ஒன்று, நெருக்கடியில் உடனே எடுத்து வீசுவது வேறு. உளவியலாளர் எலன் பியாலிஸ்டாக் இவை இரண்டையும் தனித்தனி வளர்ச்சியாகவே பார்த்தார். ஆகவே விளக்கம் மட்டும் போதாது, கடிகாரத்தை வைத்துப் பயிற்சி தர வேண்டும்.

செய்ய வேண்டியதைப் பன்னிரண்டு வாரத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் ஒரு ஆளை நியமியுங்கள். நீங்கள் வேண்டாம், மேலாளர் திருத்தினால் அது குறிப்பாணை மாதிரி ஆகிவிடும். வாடிக்கையாளர்களோடு நல்ல பழக்கமுள்ள காசாளரோ, பல வருடம் இருக்கும் கடைநிலை ஊழியரோ சரியான ஆள். அவருக்கு இவரைத் திருத்த வெளிப்படையான அனுமதியை நீங்கள் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் 'சார்' என்பவரை எப்படித் திருத்துவார்? திருத்துவதற்கு முறை உண்டு. தனியாக, அன்றைக்கே, அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்லி, அந்தப் பெரியவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று ஒரு வரி, அதற்குப் பதில் என்ன சொல்லலாம் என்று ஒரு வரி. முடிந்தது. ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் திருத்த வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் அவர் புதிதாக எதையும் சொல்ல வேண்டியதில்லை. தினம் அரைமணி நேரம் காசாளர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு நோட்டில் இரண்டே இரண்டு உரையாடலைக் குறித்துக்கொள்ளட்டும்: வந்தவர் யார், என்ன வயது இருக்கும், முன்பே தெரிந்தவரா, என்ன கேட்கப்பட்டது, சொல்லுக்குச் சொல் எப்படி, எதிரில் என்ன பதில், பதிலுக்கு முன் தாமதம் இருந்ததா. சாராம்சமாக எழுதினால் பயனில்லை. "கையெழுத்து கேட்டார்" என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். நாம் தேடுவது அந்த 'கொஞ்சம்', அந்த 'ஏன்', அந்த 'ஐயா' எங்கே வந்தது என்பதைத்தான்.

மூன்றாம் நான்காம் வாரத்தில் ஒரு வேண்டுகோளை எடுத்து ஐந்து விதமாக எழுதச் சொல்லுங்கள். காசாளர், காவலர், மகளிர் குழுவிலிருந்து வரும் ஒருவர் என மூன்று பேர் தனித்தனியாக ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண் போடட்டும். மூவரும் ஒத்துப்போக மாட்டார்கள். ஒருவருக்குப் பணிவாகத் தெரிவது இன்னொருவருக்கு நடிப்பாகத் தெரியும். அந்த வேறுபாட்டைப் பற்றிய பேச்சில்தான் அவர் அதிகம் கற்பார்.

ஐந்திலிருந்து எட்டுவரை நடித்துப் பார்ப்பது. நான்கு காட்சிகள்: மறு கையெழுத்து, அடங்கல் இல்லாமல் வந்தவர், கடன் மறுப்பு, இறப்புக் காப்பீடு. ஒவ்வொன்றும் மூன்று நிமிடம், வாரம் இரண்டு முறை, கைப்பேசியில் பதிவு செய்து உடனே கேட்பது. வாடிக்கையாளர் பாத்திரத்தில் ஊழியர் ஒருவர். எதிரில் இருப்பவர் சும்மா தலையாட்டக் கூடாது, கோபப்பட வேண்டும், மழுப்ப வேண்டும், நடுவில் இன்னொருவர் வந்து பாஸ்புக்கை நீட்ட வேண்டும். உண்மையான வாடிக்கையாளர்களை ஒருபோதும் பதிவு செய்யாதீர்கள். ஒன்பதாம் வாரம் முதல் களப்பயணத்தில் பேச்சை அவரே நடத்தட்டும், கூட வருபவர் வாய் திறக்காமல் இருந்து திரும்பும் வழியில் பேசட்டும்.

இதனிடையே அவர் மதிய உணவுக்கு யாரோடு உட்காருகிறார் என்று பாருங்கள். ஆங்கிலமோ இந்தியோ பேசும் ஆளோடு மட்டும் என்றால், அவர் மன்னார்குடியில் இருந்தும் தமிழில் இல்லை. அமெரிக்காவிலும் ஹங்கேரியிலும் ஆங்கிலம் கற்பவர்களை ஒப்பிட்டு மொழியியலாளர்கள் பார்டோவி-ஹார்லிக்கும் டோர்ன்யெயும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் புழங்கும் இடத்தில் கற்பவர்கள் இடமறியாத பேச்சைப் பெரிய தவறாகப் பார்த்தார்கள், வகுப்பறையில் மட்டும் கற்பவர்கள் இலக்கணப் பிழையைத்தான் பெரிதாகப் பார்த்தார்கள். உங்கள் அலுவலர் இருக்கிற இடம் முதல் வகை, வாழ்கிற விதம் இரண்டாம் வகையாக இருந்துவிடக் கூடாது.

பயிற்சி தொடங்கிய பிறகு சில கோளாறுகள் வரும். எல்லா வாக்கியத்திலும் 'ங்கய்யா' போட ஆரம்பிப்பார். அது கேலி செய்வதுபோல ஆகிவிடும். தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று போதும் என்று சொல்லுங்கள். காரணம் சொல்லச் சொன்னோமே என்று நான்கு வாக்கியம் காரணம் சொல்வார். நடுத்தர நிலைக்கு வந்த எல்லாக் கற்பவரிடமும் இந்த நீட்டல் உண்டு, ஒரு காரணத்தோடு நிறுத்தப் பழக்க வேண்டும். இளவட்டங்களிடம் 'மச்சி', 'டா' என்று தொடங்கினால் தடுத்துவிடுங்கள். நெருக்கத்தின் சொற்களை உள்ளூர்க்காரர்தான் முதலில் நீட்ட வேண்டும்.

புதியவர்களிடம் பேசும்போது தொடக்கத்திலேயே "தமிழ் இப்பத்தான் பழகுறேங்கய்யா, ஏதாவது தப்பா வந்தா சொல்லுங்க" என்று ஒரு வரி சொல்லிவிடுவது நல்லது. அவர் சரளமாகப் பேசுவதால் கிடைக்காமல் போன சலுகையை இந்த ஒரு வரி மீட்டுக் கொடுக்கும். தவறு நடந்த பிறகு சொன்னால் அவ்வளவு எடுபடாது.

கடன் மறுப்பில் மட்டும் ஒரு எச்சரிக்கை. மென்மையைக் கற்றுக்கொண்டவர் அங்கே மென்மையைத் தாராளமாக ஊற்றிவிடுவார். "பார்க்கலாங்கய்யா, அடுத்த வாரம் வாங்க" என்று அவரே சொல்லத் தொடங்கினால், நாள் கூலியை விட்டுவிட்டு ஒரு மனிதர் மூன்று வாரம் அலைவார். இங்கே தெளிவுதான் மரியாதை. "இந்தத் தடவ இது கெடைக்காதுங்கய்யா" என்று முதல் நிமிடத்திலேயே சொல்ல வேண்டும், உடனே காரணம், உடனே அடுத்த வழி: "அடங்கல்ல உங்க பேரு ஏறலை. வி.ஏ.ஓ. கிட்ட இந்தச் சர்வே நம்பரக் காட்டி வாங்கிட்டு வந்தீங்கன்னா அன்னைக்கே எழுதிடலாம்."

வாட்ஸ்அப்பிலும் நோட்டீசிலும் அவர் எழுதும் "தவணையைச் செலுத்தவும்" அப்படியே இருக்கட்டும். எழுத்தில் அந்த 'வும்' யாரையும் புண்படுத்தாது. அதைத் தொலைபேசியில் வாசிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் வாரம் அந்த நான்கு காட்சிகளையும் மறுபடி நடித்துப் பதிவு செய்து, ஐந்தாம் வாரப் பதிவோடு வைத்துக் கேளுங்கள். காரணம் முன்னால் வந்திருக்கிறதா, 'தயவுசெய்து' போயிருக்கிறதா, எதிரில் இருப்பவர் இழுக்கும்போது இவர் பொறுத்திருக்கிறாரா என்ற மூன்றையும் பாருங்கள். மூன்றாவது மட்டும் வரவில்லை என்றால் கவலை வேண்டாம். இடைவெளியைப் பொறுப்பதுதான் எல்லோருக்கும் கடைசியாக வரும், அதற்கு இன்னொரு சாகுபடிப் பருவம் கொடுங்கள்.